கைதட்டாத கூட்டம்

முதல் வசனத்தை நடிகர் சொல்வதற்கு முன்பே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. மேடையில் நின்றவர் என் மைத்துனரின் பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். நல்ல குரல், ஆனால் மேடைக்குப் புதியவர். தன் வசனம் பறிபோனதும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவினார். அதையும் அந்த மூன்றாவது வரிசை ஆளே முந்திக்கொண்டார். “ஏனுங்க, நீங்களே மேல ஏறி நடிச்சுப்போடுங்களே” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மறுபடியும் சிரிப்பு. எங்கள் பனியன் ஊரில், ராயபுரம் பகுதியின் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகளில் ஒன்று. ஒரு பழைய சினிமாவைப் பாட்டு நாடகமாக மாற்றி மேடையேற்றியிருந்தோம். மாற்றி எழுதியவன் நான்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கொட்டகையில் பார்த்தவர்கள் டிவியில் மறுபடி பார்த்தார்கள். தறி நெய்கிற ஒருவன், அவனுடைய மனைவி, ஊரில் ஒரு சண்டை, கடைசியில் அவன் பிணமாக வீடு வந்து சேர்வது, அவ்வளவுதான் கதை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி பாடுகிற பாட்டு ஊர் முழுக்கப் பிரபலம். இதை மேடையில் போட வேண்டும் என்ற ஆசை என் மைத்துனருக்கு வந்தது லண்டனில். அவர் என் மனைவிக்குத் தம்பி. தோட்டத்து வேலையை விட்டு நிட்டிங் மிஷின் போட்டு, பிறகு எக்ஸ்போர்ட்டுக்கு வந்தவர். ஆர்டர் பேசப் போன இடத்தில், சரக்கு வாங்குகிற பையர் ஒருவர் அவரை ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். “சினிமாவுல வந்த கதையத்தானுங்க மாமா, முழுக்கப் பாட்டாப் போடறானுங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்குல. ஆனா முடிஞ்சதும் சனம் மொத்தமா எந்திரிச்சு நின்னு கைதட்டுதுங்க பாருங்க, நிக்கவே இல்ல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு” என்றார். பையர் கொடுக்கிற சாம்பிளைப் பார்த்து அதே மாதிரி தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் ஊரின் தொழில். அந்தக் கைதட்டலை அவர் ஒரு சாம்பிளாகத்தான் கொண்டுவந்தார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதே அளவு, அதே தையல், இங்கேயும் வர வேண்டும்.

நான் அப்போது கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றிருந்தேன். படித்தவன் என்று குடும்பத்தில் ஒரு மரியாதை உண்டு. கதையை நான்தான் எழுத வேண்டும் என்றார். படப் பாட்டுகளையே பாடினால் அது பாட்டுக் கச்சேரி ஆகிவிடும், புதிதாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எல்லாப் பாட்டுகளையும் நானே எழுதினேன். கடைசிக் காட்சிப் பாட்டை மட்டும் பல வாரம் செதுக்கினேன். உடல் அழியும், உழைப்பு அழியாது என்பது அதன் கருத்து. எதுகை மோனை சுத்தமாக இருக்கும். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைப்பதில் பயனில்லை. பின்னால் நான் செய்ததற்கு அந்தப் பெருமைதான் காரணம்.

மனைவி வேடத்துக்கு வந்தவள் என் கொழுந்தியாள். மைத்துனருக்கு அக்கா, என் மனைவிக்குத் தங்கை. கணியூரில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதுக்கு முன்பே கணவனை இழந்தவள். விபத்து. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குப் போசியில் கட்டி எடுத்துக்கொண்டு போனவரைச் சாயங்காலம் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்று இவள் அழவில்லை. சுற்றி உட்கார்ந்த பெண்கள் மாரடித்து அழுதும் வாய் திறக்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று சொந்தத்தில் வெகுகாலம் பேசினார்கள். மற்றபடி வாய்க்காரி. கேலி பேசினால் எதிராளி எழுந்து ஓட வேண்டும். அவள் பாடினால் சமையல்கட்டில் வேலை நின்றுவிடும். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய பாடகி வரவில்லை என்றானதும், “நான் பாடறேன்டா தம்பி” என்றாள். குடும்பமே ஆடிப்போனது. சேவூர்ப் பெரியம்மா, என் மாமியாரின் அக்கா, நேரில் வந்து சத்தம் போட்டார். “தாலி அறுத்தவளுக்குப் பொட்டு வெச்சு மேடையில ஏத்தறயாடா? ஊரு காறித் துப்பும்.” மைத்துனர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் ஆட்டம் சொந்தபந்தத்துக்கும் கம்பெனி ஆட்களுக்கும் மட்டும். சனம் ஏற்றுக்கொண்டால் ஈரோடு, கோவை, கரூர் என்று எங்கே போட்டாலும் அக்காதான் பாடுவாள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதோடு சரி. அவளும் ஒத்துக்கொண்டாள். கணியூர் வீட்டின் நான்கு சுவரைத் தாண்டி அவளுக்குத் திறந்த ஒரே கதவு அது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கம்பெனியின் மாடியில், கட்டிங் டேபிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை நடந்தது. கீழே மிஷின் ஓடுகிற அதிர்வு காலில் ஏறும். மற்றப் பாட்டுகளை அவள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். என் கடைசிப் பாட்டு மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், “மாமா, உங்க பாட்டு முடியறதுக்குள்ள பொணமே எந்திரிச்சுத் தண்ணி கேக்குமுங்க” என்றாள். பிணமாகப் படுத்திருந்த அயர்னிங் மாஸ்டர் அப்படியே எழுந்து உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அன்று நான் சாப்பிடவில்லை.

ஆட்டத்தன்று முதல் பாதி முழுக்கக் கூட்டம் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. படத்தில் கதாநாயகனுக்கு மீசை உண்டு, இவருக்கு ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். கிணற்றடிக் காட்சியை விட்டுவிட்டார்கள் என்று ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் நியாயம் கேட்டார். செக்கிங் பகுதிப் பெண்கள், “அந்தப் பாட்டு எப்பங்க வரும், அந்தப் பாட்டு?” என்று படப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள் பின்வரிசையில் ஒன்றும் புரியாமல், மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தார்கள். கொழுந்தியாள் சிவப்புச் சேலையும் பொட்டுமாக வந்தபோது மட்டும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்த பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

கடைசிக் காட்சி. பிணத்தைக் கொண்டுவந்து மேடையில் கிடத்தினார்கள். நான் பக்கத்துத் திரையின் மறைவில் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுக்கத் தயாராக நின்றேன். கீபோர்டுக்காரர் என் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். அவள் பாடவில்லை. நான் அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பவும் வாசித்தார். நான் இன்னும் சத்தமாகக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அடி மறந்துவிட்டதா, வேண்டுமென்றே விட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீபோர்டு நின்றது. பிறகு அவளே தொடங்கினாள்.

வண்டி வந்து நின்னுதே நீ
வாயத் தொறக்கலையே
கட்டிக் குடுத்த சோத்துப் போசி
கை படாம கெடக்குதே

படத்திலும் சோற்றுப் போசி கிடையாது, என் நாடகத்திலும் கிடையாது. அது கணியூர் வீட்டுக்கு அன்று சாயங்காலம் பிணத்தோடு திரும்பி வந்த போசி. எனக்கு விளங்கியது போலவே அங்கே பாதிப் பேருக்கு விளங்கியிருக்கும். எத்தனையோ வருஷம் முன்பு அழாமல் விட்டதை அவள் அந்த மேடையில் அழுதுகொண்டிருந்தாள், ராகத்தோடு, அடி பிசகாமல். வசனத்தை முந்திச் சொன்ன மனிதர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தியதும் திரை விழுந்தது. நாற்காலிகள் நகருகிற ஓசை மட்டும் கேட்டது. ஒரு கைகூடத் தட்டவில்லை.

மைத்துனர் திரைக்குப் பின்னால் காதைக் கொடுத்தபடி நின்றிருந்தார். “மாமா, நீங்க போயி சனம் என்ன பேசுதுன்னு கேட்டுட்டு வாங்க. நான் போனா முதலாளின்னு மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

போனேன். வாசல் பக்கம் யாரும் நின்று பேசிக்கொண்டிருக்கவில்லை. பந்திக் கூடத்துக்கு வெளியே கை கழுவ வரிசையாகக் குழாய்கள் இருக்கும். எல்லோரும் அங்கே நின்றார்கள். அன்று பந்தி எதுவும் போடவில்லை. முதலில் நின்றது சேவூர்ப் பெரியம்மா. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு காலையும் கழுவினார். ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். “கெளம்பிட்டீங்களா பெரியம்மா?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லாமல், சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். அவருக்குப் பின்னால் செக்கிங் பெண்கள், அதன் பின் ஆண்கள். கால் கழுவினார்கள், தலையில் தெளித்துக்கொண்டார்கள், யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் பஸ்ஸில் ஏறினார்கள். இழவு வீட்டிலிருந்து எங்கள் சனம் எப்படிக் கிளம்புமோ அப்படிக் கிளம்பினார்கள். இழவு வீட்டில் யாரும் கைதட்டுவதில்லை. ஒரு நாடகத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதையை நான் படித்ததுமில்லை, பார்த்ததுமில்லை. அந்தக் குழாயடியில் நின்றபோதே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் திரும்பி நடந்தேன்.

“என்ன சொன்னாங்க மாமா?”

“ஒண்ணும் சொல்லல மாப்ளே.”

“பெரியம்மா?”

“பேசவே இல்ல. எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். குழாயடியைப் பற்றி ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவரும் அதே மண்ணில் பிறந்தவர், உடனே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் லண்டன் கைதட்டல் அவர் காதை அடைத்திருந்தது. என் காதை என் பாட்டு அடைத்திருந்தது. மணமகள் அறையில் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பொட்டு இன்னும் நெற்றியில் இருந்தது. “மாமா, சனம் என்ன சொல்லுச்சுங்க?” என்று கேட்டாள். கேலியே இல்லாத குரலில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. “பரவால்ல அம்மிணி” என்றேன். அவள் கண்ணாடியிலேயே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தாள்.

ஈரோட்டில் வேறு பாடகி பாடினாள். என் கடைசிப் பாட்டை முழுதாகப் பாடினாள். கூட்டத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று படப் பாட்டின் இரண்டு அடியையும் முடிவில் சேர்த்தோம், நானே சம்மதித்தேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது. மைத்துனர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்தக் கைதட்டலை நான் ரசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். கொழுந்தியாள் கணியூருக்குத் திரும்பினாள். அதன் பிறகு கோயில் பஜனையில்கூட அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. கேலியும் நின்றுபோனது. விசேஷங்களில் பார்த்தால், “நல்லா இருக்கீங்களா மாமா?” என்பாள், அவ்வளவுதான். மேடையேறிப் பேர் கெட்டதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டே அவள் அத்தனை வருஷமும் வாழ்ந்திருக்கிறாள்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி இல்லை, மைத்துனரும் போய்விட்டார். போன மாதம் பஸ் ஏறிக் கணியூர் போனேன். கொழுந்தியாள் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து நாற்காலி போட்டாள். காப்பி வைக்க உள்ளே திரும்பியவளை, “இரு அம்மிணி, ஒண்ணு சொல்லணும்” என்று நிறுத்தினேன். குழாயடியில் நான் பார்த்ததையும் அதை நான் சொல்லாமல் விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“பெரியம்மா கால் கழுவுனாங்களா?” என்றாள்.

“கழுவுனாங்க. தலையிலயும் தெளிச்சுக்கிட்டாங்க.”

“உங்க கூடப் பேசலையா?”

“பேசல. சொல்லிக்காமப் போனாங்க.”

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். “வேற யாரு மாமா?”

செக்கிங் பெண்களைச் சொன்னேன். “அதுல யாரு யாரு?” என்றாள். வசனத்தை முந்திச் சொன்ன மனிதர் வாயைப் பொத்திக்கொண்டதைச் சொன்னேன். “அவரா?” என்று ஒரு கணம் சிரித்தாள். வெகுகாலம் முன்பு நான் கேட்ட சிரிப்பு. ஒடிசாக்காரர்களில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்துத் தானும் கால் கழுவினார் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். “பாவம், பாஷைகூடத் தெரியாது” என்றாள். பிறகு மறுபடியும், “வேற யாருங்க மாமா?”

நூறு பேருக்கு மேல் அந்தக் குழாயடியில் நின்றார்கள். நான் அன்று கடைசிவரை நின்று பார்க்கவில்லை, பார்த்தவரை போதும் என்று திரும்பிவிட்டேன். பார்த்த முகங்களும் இத்தனை வருஷத்தில் கலைந்துவிட்டன. சொந்தத்தில் ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவர் வந்திருந்தாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.