இல்லாத தம்பியின் பயோடேட்டா

படமும் வரைவேன், கம்ப்யூட்டரில் புரோகிராமும் எழுதுவேன், எந்தப் பக்கம் போகட்டும் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு என் கதைதான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் திருப்பூரில் நானும் இரண்டும் தெரிந்தவன். அதைவிடப் பெரிய தரித்திரம் வேறில்லை.

வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடி மூணு மாசம். சம்சாரத்துக்கு எட்டாம் மாசம். அவள் வேறொரு கம்பெனியில் நின்றபடியே பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்விட்டுக் கால் வீங்கி வருவாள்; நான் ஊட்டில் கிடப்பேன். போன இடமெல்லாம், "நீங்க ஆர்ட்டிஸ்டா, கம்ப்யூட்டர்காரருங்களா?" என்பார்கள். ரெண்டும்தானுங்க என்றால் முகம் சுருங்கிவிடும்.

கூட வேலை பார்த்த நண்பர் யோசனை சொன்னார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காதீங்க. ரெண்டு பயோடேட்டா போடுங்க."

போட்டேன். கம்ப்யூட்டருக்குச் சொந்தப் பெயரில் ஒன்று. வரைகிற வேலைக்கு, படத்தின் அடியில் போடும் புனைபெயரில் ஒன்று. புத்தி கெட்டுப்போய் இரண்டையும், ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் இருந்த ஒரே பனியன் கம்பெனிக்கு அனுப்பித் தொலைத்தேன்.

வரச் சொன்னார்கள் என்று போனால், முதலாளி இரண்டு தாளையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். "ஏனுங்க, ரெண்டும் ஒரே விலாசமா இருக்குதுங்களே?"

உண்மையைச் சொன்னால் இதுவும் போச்சு என்று பயந்துவிட்டேன். "அது என்ற தம்பிங்க. இப்ப பம்பாய் போயிட்டானுங்க."

கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பது. அதற்குப் புரோகிராமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

இரண்டு மாசத்தில் ஒரு கோடு போட்ட பனியன் ஆர்டர் சிக்கிக்கொண்டது. டிசைனர் வரைந்த கோடுகள் துணி பின்னும் மெஷினில் ஏறும் நூல் எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் நான்தான் வரையத் தெரியாத அண்ணனாயிற்றே. முதலாளியே, "உங்க தம்பியக் கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி எந்தக் கோடு அடங்கும் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைந்தேன். தம்பி தபாலில் அனுப்பினான் என்று படத்தையும் புரோகிராம் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். மெஷின் ஓடியது, ஆர்டரும் தப்பியது.

முதலாளி கூப்பிட்டார். "வரையவும் தெரியுது, மெஷின் கணக்கும் தெரியுது. இந்த மாதிரி ஆளைத்தானுங்க தேடிட்டிருந்தேன். தம்பிய உடனே வரச் சொல்லுங்க."

அது நான்தானுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவரு வந்தா கம்ப்யூட்டரையும் அவரே பாத்துக்குவாரு. நீங்க தப்பா நெனைக்காதீங்க, வேற எடம் பாத்துக்கங்க. பொய் சொல்றவங்கள வெச்சிருந்து பட்டுட்டேன். நீங்க நல்ல மனுசன், அதான் நேராச் சொல்றேன்."

குழந்தை பிறந்து நாப்பது நாள்கூட ஆகவில்லை.

"சரிங்க, தம்பிக்கு எழுதிப் போடறேன்" என்றேன்.