சரோஜா டீச்சர் தூக்கிப் போட்ட பதினான்கு சுரைக்காய்கள்

சரோஜா டீச்சர் காலமான செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் ஒரு காய்ந்த சுரைக்காயைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. முழுக்கச் சுரண்டி முடித்த பிறகுதான் எழுந்து புடவை மாற்றினேன்.

திருத்தணியில் இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணிதம், நான் அறிவியல். அவரிடம் படித்தவர்கள் அவருடைய கண்டிப்பைப் போற்றுகிறார்கள், அது உண்மைதான். ஒரு நாள்கூட வகுப்புக்குத் தாமதமாக வந்தவர் அல்லர். தாம் செய்தது தவறு என்று ஒரு நாள்கூடச் சொன்னவரும் அல்லர். அந்த ஒரு சொல்லுக்காக நான் நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன்.

என் நாற்பத்திரண்டாம் வயதில், கே.ஜி.கண்டிகையில் ஒரு வேலியில் முற்றித் தொங்கிய சுரைக்காயைக் கேட்டு வாங்கி வந்தேன். உலர்ந்து விதை குலுங்கியதும் அடியை அறுத்து, மேலெல்லாம் துளையிட்டு, உள்ளே பல்பு வைத்தேன். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். மதிப்பெண் போட யாருமில்லாத ஒரு வேலையை வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்திருந்தேன்.

மறு ஆண்டு பதினான்கு காய்கள் சேர்த்தேன். மொட்டை மாடியில் குரங்குகள் விட்டுவைக்காது என்பதால், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஆய்வகத்தின் பின்னறையில் அடுக்கினேன். உலர ஆறு மாதமாவது ஆகும். நடுவில் தோல்மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசணம் பூக்கும். பார்த்தால் அழுகல் போலிருக்கும், அழுகல் அல்ல. ஊறவைத்துச் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்தில் ஓடு. இதைச் சரோஜா டீச்சரிடமே இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் நான் விடுப்பு. சரோஜா டீச்சர் பதினான்கையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

"இன்னாம்மா கீதா, ஆபீசர் வர்ற நேரத்துல நாறுமேன்னு தூக்கிப் போட்டேன். கொழம்புக்கும் ஆவாத காய வச்சிகினு இன்னா பண்ணப்போற?"

ஆசிரியர் அறையே சிரித்தது. அன்றிலிருந்து, அவர் ஓய்வு பெறும்வரை, நான் அவருக்குச் 'சொரக்கா டீச்சர்'.

சென்ற மாதம் அவர் படுக்கையில் இருந்தபோது, செய்து முடித்த விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நலம் விசாரிக்கப் போனேன் என்று இங்கே எழுத முடியவில்லை.

"இதுவும் பூசணம் புடிச்ச காய்தாங்க, டீச்சர்."

விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். "ஆங். கெட்டியாத்தான் கீது."

நான் விளக்கை இன்னும் அருகில் நகர்த்தினேன்.

"அப்ப இது வேற காயிம்மா. நான் போட்டது அழுகல்தான்."

விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் போகவில்லை.

நேற்று அவரை வண்டியில் ஏற்றியபோது பழைய மாணவிகள் கதறினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இனி அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவே போவதில்லை என்ற ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, முன்னறையில் பூசணம் பூத்துக் கிடந்த இந்த ஆண்டின் காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தேன்.

போங்கள், டீச்சர். அந்தப் பதினான்கில் ஒன்றுகூட அழுகவில்லை.