பானட்டில் போட்ட ஓட்டை

காரின் பானட்டில் ஓட்டை போட வேண்டும் என்று நான் சொன்னதும், அவனியாபுரத்து மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா, கம்பெனிக்காரன் போட்டதுல நாம கை வைக்கக் கூடாதும்மா. காரு பாக்கவே நல்லாருக்காது."

"பாக்க நல்லாருக்கணும்னுதானா அண்ணே நான் கார் வச்சிருக்கேன்?" என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உசிலம்பட்டியில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்தி வந்தேன். வாரத்தில் மூன்று நாள் மேற்கே கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பேன். என் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய டீசல் கார், நானே ஓட்டுவேன். பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், ஒரு வருஷத்தில் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

என்னை விடாமல் துரத்தியது புழுதிதான். அந்தப் பக்கத்து வண்டிப்பாதைகளில் கோடையில் கணுக்கால் வரை மண் கிடக்கும். எனக்கு மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொள்ள முடிந்தது. இன்ஜின் என்ன செய்யும்? அது மூச்சு விடுகிற காற்று வடிகட்டி பானட்டுக்குள்ளேயே, இன்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. கீழிருந்து கிளம்புகிற புழுதியையும் இன்ஜினின் சூட்டையும் சேர்த்தே அது இழுத்தது. வடிகட்டியின் அடியில் ஊற்றிய எண்ணெய் மூன்றாம் நாள் சேறாகிவிடும். மிச்ச மண் உள்ளே போய் இன்ஜினைத் தேய்த்துவிடும். ஒரு தடவை இன்ஜினையே பிரித்துப் பூட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவை வண்டி பாதி வழியில் நின்றபோது, ஒரு கிராமத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எனக்காகப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் பார்த்தால் முகமெல்லாம் வீக்கம். ரத்த அழுத்தம் எங்கோ போய் நின்றது. அவளைப் பிழைக்க வைத்துவிட்டோம். எனக்கு நடுக்கம் தீரப் பல நாள் ஆயிற்று.

என் கணவர் மதுரையில் கல்லூரி ஆசிரியர். வார இறுதியில் வருவார். "போதும், வித்துருவோம். நடுரோட்டுல நீ தனியா நிக்கிறத நெனச்சா எனக்கு வகுப்பே ஓட மாட்டேங்குது. அவங்க பஸ் ஏறி வரட்டும்" என்றார். அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த பஸ்? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் வந்தால்தான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் காரை விற்பதாக ஒரு ரைஸ்மில்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அந்த மில்காரர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு மானாவாரிக் காட்டில் உழுதுகொண்டிருந்த டிராக்டரைப் பார்த்தேன். அதன் மூச்சுக்குழல் பானட்டுக்கு மேலே, ஆளுயரத்தில் நின்றது. உச்சியில், காற்று போகச் சுற்றிலும் துவாரமிட்ட தொப்பி போட்ட கண்ணாடிக் கிண்ணம். டிராக்டர்காரர் அதைக் கழற்றித் தட்டினார்; ஒரு படி மண் கொட்டியது. "இம்புட்டு மண்ணும் இதுலயே நின்னுரும் தாயி. உள்ள போகாது" என்றார். அன்றைக்கே மதுரைக்குப் போய் டிராக்டர் சாமான் கடையில் அதே குழலையும் கிண்ணத்தையும் வாங்கி, நேராக அவனியாபுரம் போனேன்.

மெக்கானிக் சாக்பீஸால் வட்டம் போட்டு உளியை வைத்து அடித்தார். தகரம் கிழிகிற சத்தத்தில் எனக்கே பல் கூசியது. ஆனாலும் பக்கத்திலேயே நின்றேன். குழலை நிறுத்தி, ரப்பர் ஹோஸால் அதை வடிகட்டியோடு மாட்டி, இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றி "முடிஞ்சது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிண்ணத்தைக் கழற்றச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, குழலின் வாயை ஒரு ரப்பர் துண்டால் அடைத்தேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று போகிறது, மண்ணும் போகும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு இணைப்பைப் பிரித்து, கிளாம்ப் போட்டு இறுக்கினார். மறுபடி வாயை அடைத்தேன். இன்ஜின் இருமி, நின்றது. இப்போதுதான் முடிந்தது என்றேன்.

ஊரே சிரித்தது. "டிராக்டர் காரு வருதுடோய்!" சிரித்துவிட்டுப் போகட்டும். தினமும் சாயங்காலம் கிண்ணத்து மண்ணைத் தட்டினேன். ஒரு மாதம் ஆகியும் வடிகட்டி எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. கணவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "வாக்குக் குடுத்தாச்சே" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. ஆஸ்பத்திரி ஆயாவுக்கு அந்தக் குழல்மீது தனிப் பாசம். என்னோடு எல்லாக் கிராமத்துக்கும் வருகிறவள் அவள். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முடித்தபிறகு, சிவப்புக்கரைத் துண்டு ஒன்றைச் சந்தனத் தண்ணீரில் நனைத்துக் குழலின் தொப்பியைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றித் தலைப்பாக் கட்டினாள். "தலைன்னு ஒண்ணு இருந்தா தலைப்பா வேணாமா டாக்டரம்மா?" எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மறுபூஜை ஆகாமல் எதையும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மறுபூஜைக்கு முன்பே ரைஸ்மில்காரர் வந்துவிட்டார். அவர் ஓட்ட, கணவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நானும் ஆயாவும்; அப்படியே கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. தேனி ரோட்டில் கொஞ்ச தூரம் போனதுமே வண்டி திணறியது. மிதிக்க மிதிக்கக் கரும்புகைதான் வந்தது. ஒரு மாட்டுவண்டியைத் தாண்ட முடியவில்லை.

அவர் ஓரங்கட்டினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. வண்டி இழுக்கல. பானட்ல ஓட்டயப் போட்டு நல்ல இஞ்சினக் கெடுத்து வச்சிருக்காக. பொம்பளைங்க கை வச்சா இப்படித்தான். நமக்கு வேணாம்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பானட்டைப் பார்த்தேன். சந்தனம் தோய்ந்த துண்டை இன்ஜின் உறிஞ்சி இழுக்க, அது காற்று போகிற துவாரம் அத்தனையிலும் அப்பிப் பிடித்திருந்தது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மனுஷன் போயிருப்பார், கார் எனக்கே மிஞ்சியிருக்கும். பொம்பளைங்க கை என்ற அந்த வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அப்படியே இருந்திருப்பேன்.

இறங்கிப் போய்த் துண்டில் கை வைத்தேன். "மறுபூஜ ஆகலயே டாக்டரம்மா!" என்று ஆயா பதறினாள்.

"இப்ப ஆகுது. கும்பிட்டுக்க."

அவள் கும்பிட்டாள். நான் உருவி எறிந்தேன். ரைஸ்மில்காரரைப் பக்கத்து சீட்டுக்கும் கணவரைப் பின்னாலும் அனுப்பிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மாட்டுவண்டியைத் தாண்டினோம். ஒரு லாரியையும் தாண்டினோம். ரைஸ்மில்காரர் திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார், புகை இல்லை.

"அட! என்னா இழுவ! சார், நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

"விக்கல" என்றேன்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன்ல?" என்றார் பின்னாலிருந்து கணவர்.

"குடுத்த வாக்குக்கு உங்க ஸ்கூட்டரக் குடுங்க. இது என்னோட காரு."

பஸ் ஸ்டாப் வந்தது. நிறுத்தினேன். "கிராமத்துல எனக்காக ஆளுக உக்காந்திருக்காங்க. திரும்பக் கொண்டுவந்து விட நேரமில்ல. டவுன் பஸ் வரும், ஏறிக்கங்க." கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கணவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருவரும் இறங்கினார்கள்.

கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தேன். அவர் வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.