பேசாத கரடி

சின்னம்மாவின் முதல் காமிக்ஸ் புத்தகத்தில் யாரும் பேசவில்லை. பேச வேண்டியவர்கள் இருந்தார்கள். பலாமரத்துக்குக் காவல் இருக்கும் ஒரு கிழவரும், பழம் திருட வந்த ஒரு கரடியும் பக்கத்துக்குப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே பேச்சுக் குமிழ்கள் வெள்ளை வெளேரென்று மிதந்தன. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு ஏகப்பட்ட மரியாதை. சொந்தமாகக் காமிக்ஸ் போடுகிறவர்கள் கூடும் விழாக்களில் சின்னம்மாவை மேடையேற்றி, ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு வசனம் வைக்கும் யோசனை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். போன மாதம்கூட ஒருவர் கேட்டார். சின்னம்மா சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கீழே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வாய் நமநமத்தது. யோசனையாவது, ஒன்றாவது!

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்ததால், நானும் அம்மாவும் மலைமேல் குண்டூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், அம்மாவின் அப்பாவான அப்புச்சி வீட்டில் இருந்தோம். சின்னம்மா, அம்மாவின் தங்கை. நாமக்கல்லில் கல்லூரி முடித்ததும் வேலைக்குப் போகாமல் மலைக்கே திரும்பி வந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்புச்சிக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதுவும் ஒரு வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டில் நாள் கணக்காக முணுமுணுப்பு நடந்து கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. புத்தகம் அச்சாகி, சேலத்தில் நடக்கும் காமிக்ஸ் சந்தைக்குப் போய், நாலு பேர் வாங்கினால் அவள் மலையிலேயே இருந்து வரையலாம். இல்லாவிட்டால் சந்தை முடிந்த திங்கட்கிழமை, ஆள் எடுக்க வரும் வேனில் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். வேன்காரரிடம் அப்புச்சி சொல்லியும் வைத்துவிட்டார்.

தவறு சின்னம்மாவுடையதுதான். கையால் வரைந்த படங்களைத் தோழியின் கம்ப்யூட்டரில் ஏற்றி, வசனங்களை அதன்மேல் தனி அடுக்காக அடித்திருந்தாள். வண்ணம் சரிபார்க்க அந்த அடுக்கை மறைத்தவள், திரும்பக் கொண்டுவர மறந்து அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். அச்சகத்தார் ஒழுங்கானவர்கள். அடிப்பதற்கு முன் மாதிரிப் பக்கங்களைப் போனுக்கு அனுப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் போனில் சிக்னல் எடுக்க வேண்டுமானால் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும். ஏறினாலும் படம் முழுதாக இறங்காது. பாதி இறங்கி மங்கலாக நின்ற படத்தைப் பார்த்து, குமிழுக்குள் எழுத்து இருப்பதாகவே நம்பி, "சரிங்க, அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் குதித்துக் கீழே வந்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் கட்டுகள் வந்து இறங்கின. சனிக்கிழமை சந்தை. மறுபடி அடிக்க நாளும் இல்லை, வழியும் இல்லை. முதல் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மா அழப்போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் ஒன்றுபோல ஊமையாக இருந்தன. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நம்ம ஊட்டுல எத்தன பேனா இருக்குது?" என்றாள்.

இருந்த பேனாக்கள் உதவவில்லை. அந்த வழவழப்புத் தாளில் ஒன்று வழுக்கியது, இன்னொன்று ஈஷியது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த நர்ஸம்மாதான் காப்பாற்றினார். நாகர்கோவில்காரரான அவர், மருந்து பாட்டில்களில் பெயர் எழுதத் தான் வாங்கி வைத்திருந்த மெல்லிய மார்க்கர்களை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, தானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மிளகு காயவைக்கும் பாய்களை வாசலில் விரித்தோம். சின்னம்மா வசனத்தை வாசிக்க, அம்மாவும் நர்ஸம்மாவும் எழுத வேண்டும். என் கையெழுத்துக்கு வசனம் தரமாட்டேன் என்று சின்னம்மா சொல்லிவிட்டதால் எனக்குச் சத்தங்கள் கிடைத்தன. கரடியின் 'உர்ர்', பழம் விழும் 'தொப்', கிழவரின் தும்மல். கிட்டத்தட்ட முந்நூறு புத்தகத்தில் தும்மியவன் நான்தான். எழுதியதைக் காயவைத்து, திருப்பிப்போட்டு, கோழி விரட்டினோம். அப்படியும் ஒரு சேவல் ஈர எழுத்தின் மேல் நடந்து, கரடி பேசியதை மூன்று பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பிரதியை ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாம் நாள்தான் சின்னம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. புத்தகம் என்றால் புத்தகத் தமிழில்தான் பேச வேண்டும் என்று அவள் கரடிக்கு எழுதியிருந்த வசனம், 'மனிதா, இக்கனி எவருக்கு உரியது?' என்பது. அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, 'ஏனுங்க, இந்தப் பழத்துல உங்க பேரு எழுதியிருக்குதுங்களா?' என்று எழுதி வைத்திருந்தாள். நர்ஸம்மாவின் கரடியோ, 'ஏ மக்கா, இது யாருக்க பழம்?' என்று கேட்டது.

சின்னம்மாவுக்கு வந்த கோபத்தில் மார்க்கர் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் பறந்தது. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று சண்டைக்குப் போனாள். அம்மா அசரவில்லை.

"பலாப்பழம் திருட வந்த கரடி தமிழ் வாத்தியாராட்டம் பேசுமாடி?" என்றாள்.

சின்னம்மா அந்தப் பிரதியை வெடுக்கென்று பிடுங்கி வாசித்தாள். பாதியில் அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன். கோபத்தில் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள். கடைசியில் மார்க்கரைத் தேடி எடுத்து, இனி அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதலாம், வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்குக் கட்டு தயாராக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவள் எழுதிய தமிழ் அன்றோடு சரி.

இத்தனைக்கும் அப்புச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பலா பழுக்கும் காலம், கரடி வரும் என்று காட்டிலேயே இருந்தார். அவர் கண் அப்படி. எதிர் மலையில் மரத்தில் புது நகக்கீறல் விழுந்திருப்பதை இங்கிருந்தே சொல்வார். ஆனால் பஸ் வந்தால் மட்டும் போர்டு தெரியவில்லை, எந்த ஊர் வண்டி என்று பாரு சாமி என்று என்னைக் கேட்பார். வயதானால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் பெருமையாகப் படித்துச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிக் கட்டு எழுதும்போது வந்தார். எழுதாத பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து புரட்டினார். கிழவரின் காதில் கடுக்கனைப் பார்த்ததும் கை தன் காதுக் கடுக்கனுக்குப் போய்வந்தது. கரடி முகத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் குலுங்கினார். நான் தும்மல் போடுவதற்காக அதை வாங்கக் கை நீட்டினேன்.

"இதுல எழுதாத கண்ணு. இது இப்படியே இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகம் பிடிக்காத கோபத்தில், ஒரு பிரதியையாவது முடியவிடாமல் செய்கிறார் என்று நினைத்தேன். சின்னம்மா எழுதி முடித்தவற்றைக் கட்டத் தொடங்கினாள். மத்தியான பஸ்ஸில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வர வேண்டிய வேன் காலையிலேயே வந்துவிட்டது. சின்னம்மா மத்தியான பஸ்ஸில்தான் வருவாள். சேலத்தில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு கதவோரம் நின்றாள். வேன்காரர், செம்மேட்டில் வேலை இருக்கிறது, மத்தியானம் வரைக்கும் காத்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

"வேண்டாமுங்க. புள்ள வராது. அதுக்கு இங்க வேல கெடக்குதுங்க" என்றார் அப்புச்சி.

வேன் திரும்பிப் போயிற்று. எனக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. பேச்சு என்றால் பேச்சுதானே? புத்தகம் விற்றதா இல்லையா என்றே தெரியாதே, அதற்குள் வேனை எப்படித் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"நான் படிச்சுட்டேன் சாமி" என்றார்.

சிரித்துவிட்டேன். அதில் எழுத்தே இல்லையே! அவர் துண்டுக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். கரடிக்கு ஒரு குரல், கிழவருக்குத் தன் குரல். விரலைக் குமிழுக்குக் குமிழ் நகர்த்தி, ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். தும்மலைக்கூட விடவில்லை. கதவோரம் நின்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

இது கள்ளாட்டம் என்று எனக்குத் தோன்றியது. சேவல் மிதித்த பிரதியை எடுத்து வந்து, அம்மா எழுதிய பக்கத்தைப் பிரித்து, இதைப் படியுங்கள் பார்க்கலாம் என்று நீட்டினேன். அப்புச்சி அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றார்.

நான் உடனே உள்ளே ஓடினேன். அலமாரி, அரிசிப் பானைக்குப் பின்னால், அவருடைய சட்டைப் பை, எல்லா இடமும் தேடினேன். மத்தியான பஸ் வந்து, சின்னம்மா காலிப் பையோடு வாசலில் நின்று கூப்பிட்ட பிறகும் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் மூக்குக்கண்ணாடி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.