மாட்டு டாக்டரின் ஹார்ட் டிஸ்க்

அத்-பாஷி மலை வட்டாரத்தில் சைராகுலுக்கு ‘நகல் அக்கா’ என்று பட்டப்பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தால், முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் தன்னுடைய டிஸ்கில் நகல் எடுப்பாள். எடுத்த நகலைத் திறந்து பார்ப்பாள். அப்புறம்தான் பெட்டியில் கை வைப்பாள். அரை மணி வேலை அரை நாளாகும். பொறுமை இல்லாதவர்கள் பஜார்க் கடைக்குப் போய்விட்டார்கள்; போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. தபால் ஆபீஸ் வேலையை விட்டு இத்தொழிலுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாளின் இறந்துபோன மகளுடைய படங்களை நகல் எடுத்தாள். திறந்து பார்க்காமல் பழைய டிஸ்கை அழித்தாள். நகலில் படங்களின் பெயர்கள் இருந்தன, படங்கள் இல்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவைகூட அது தேவைப்படவில்லை. இது தொழில் முறையா, வெறும் பயமா என்று அவளுக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

ஒரு மே மாதக் காலையில் மாட்டு டாக்டர் தூரொன்பெக் வீட்டுக்குப் போனாள். பதினைந்து வயதுக் கம்ப்யூட்டர், தினம் நாலு தடவை நின்றுபோகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். எல்லாம் ஒரே சி டிரைவில் கிடப்பதால், போட்டால் பதிவுகளும் சேர்ந்து அழியும். டிஸ்கை இரண்டாகப் பிரித்து, விண்டோஸ் ஒரு பக்கம், பதிவுகள் மறுபக்கம் என்று வைத்தாக வேண்டும்.

“எந்தப் பதிவு முக்கியம் டாக்டர்?”

“இந்த வசந்தத்துல போட்ட தடுப்பூசிப் பட்டியல். ஆயிரத்து நானூறு உருப்படி, ஒவ்வொண்ணுக்கும் காதுத் தோடு நம்பர். நாளைக்கு மொத்த ஊர் மந்தையும் மேய்ச்சலுக்கு மலை ஏறுது. பட்டியல் இல்லைன்னா சோதனைச்சாவடியில ஒரு கன்னுக்குட்டிகூடத் தாண்டாது.”

“கையால எழுதின நோட்டு இருக்குமே?”

டாக்டர் அடுப்பைப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் பத்த வெச்சுட்டேன். அடுப்புக்குச் சாணி வறட்டி உலரலை, வேற என்ன பண்றது?”

“நல்லா படிச்சீங்க போங்க!” என்றாள் சைராகுல். சிரிக்கவில்லை.

நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. டாக்டரின் மனைவி குல்பரா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். வீட்டுக்கு வந்தவள் மூன்று மணி நேரமாக ஒரு துண்டு நான் ரொட்டிகூட வாயில் வைக்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்?

“ஒரு வாய் டீ குடிங்கக்கா. கரண்ட் கெட்டில் போட்டா ரெண்டே நிமிஷம்.”

“வேணாம் தங்கச்சி. உங்க வீட்டு ஃபியூஸ் பழசு. நான் டிஸ்கைப் பிரிக்கும்போது கரண்ட் போச்சுன்னா, பாதி இங்க பாதி அங்கன்னு எல்லாம் சிதறிடும். முடியறவரைக்கும் எதையும் சொருகாத.”

குல்பரா தலையாட்டினாள். முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

சைராகுல் நகலைத் திறந்து பார்த்தாள். பழைய வருஷப் பட்டியல்கள் திறந்தன. இந்த வசந்தத்துப் பட்டியல் திறக்கவில்லை. அதை மட்டும் மறுபடி எடுத்தாள். டாக்டரின் டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டது. மறுபடியும் திறக்கவில்லை.

“அதான் பெட்டியில திறக்குதே! ஆரம்பிங்க, மத்தியானம் சம்பந்தி வர்றாங்க” என்று டாக்டர் அவசரப்படுத்தினார்.

“சம்பந்தி வந்தா நீங்க பேசிட்டிருங்க. நான் இது திறக்காம தொடமாட்டேன்.”

“உங்களைச் சும்மாவா நகல் அக்கான்னு சொல்றாங்க!”

சைராகுலுக்கும் ஆத்திரம்தான். மூன்றாவது தடவை எடுத்த நகல் திறந்தது. கடைசி வரிவரைக்கும் இறக்கிப் பார்த்து, தன் டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகே பிரிக்கும் வேலையைத் தொடங்கினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. பத்து சதவீதம். முப்பது. நாற்பத்தைந்து.

சம்பந்தி வீட்டார் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். நாலு பேர். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்காரர்கள் சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானில் வந்து உட்கார்ந்தால், முன்னால் காலிக் கோப்பை இருக்கக் கூடாது. முற்றத்து சமோவாரைப் பற்ற வைத்தால் கொதிக்க அரை மணி ஆகும். சம்பந்தியம்மாள் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அது போதும், குல்பராவுக்கு உயிரே போயிற்று.

அறுபத்தொரு சதவீதத்தில் சுவருக்குள் ‘படக்’ என்றது. திரை கருத்தது.

டாக்டர் ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினார். கம்பியைச் சுற்ற ஐந்து நிமிஷம் ஆனது. கரண்ட் வந்தது. சைராகுல் பெட்டியைப் போட்டாள். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. மறுபடி போட்டாள். அதே வரி.

“என்ன சொல்லுது?”

“உள்ள எதுவும் இல்லைன்னு சொல்லுது.”

சமையலறை வாசலில் குல்பரா கெட்டிலோடு நின்றாள். “நான்தானா? அக்கா, நான்தான் பண்ணினேனா?” டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆயிரத்து நானூறு மாடுகளும் சாவடியில் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது போலும்.

சைராகுல் பையிலிருந்து டிஸ்கை எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகினாள். அது சுழல எடுத்துக்கொண்ட நாலு நொடியில் அவள் மூச்சு விடவில்லை. பட்டியலைத் திறந்து, லேப்டாப்பை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

“படிங்க.”

டாக்டர் முதல் நம்பரைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பத்தாவதில் நிறுத்தினார்.

“கடைசியையும் படிங்க.”

அதையும் படித்தார்.

சைராகுல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தஸ்தர்கானில் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“இப்ப கெட்டிலைப் போடு குல்பரா. இனிமே அந்தப் பெட்டியில போறதுக்கு ஒண்ணுமில்ல.”

நான் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தாள். மெல்ல முடியவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நகல் தேவைப்பட்டிருக்கிறது, அது திறந்தும் விட்டது. முன்பின் தெரியாத நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் ரொட்டியோடு சைராகுல் ஓவென்று அழுதாள்.