ஊட்டியில் ஊதிய சிப்ஸ்

எங்கள் சிப்ஸ் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தொண்ணூறுகளில் மேட்டுப்பாளையத்தில் நானும் என் கணவரின் அக்காவும் வீட்டிலேயே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்றோம். அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். அடுப்பு அவருடையது, பாக்கெட் என்னுடையது. பாலிதீன் கவரின் வாயை ஹாக்சா பிளேடில் மடித்து, மெழுகுவத்தித் தீயில் ஓட்டி ஒட்டுவேன். பார்க்கப் புஷ்டியாக இருக்கட்டும் என்று காற்றோடு சேர்த்தே அடைப்பேன்.

கோடை சீசனுக்கு ஊட்டிக் கடைக்காரர் ஒருவர் முதல் முறையாக ஒரு பெட்டி வாங்கினார். மறுநாளே எங்கள் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டார். நங்கையாதான் போய் எடுத்தார். கடைக்காரர் பொரிந்து தள்ளினார்.

"ஏனுங்க, பாக்கெட்டெல்லாம் வயிறு ஊதிக் கெடக்குது. பழைய எண்ணெயில போட்ட சரக்கைத் தள்ளி உட்டுட்டீங்களாட்ட இருக்குது. பொட்டியத் திருப்பி அனுப்பிப்போட்டேனுங்க."

சாயங்காலம் பஸ்ஸில் பெட்டி வந்தது. பிரித்தால், ஒரு பாக்கெட்கூட ஊதியிருக்கவில்லை! அனுப்பியது அனுப்பியபடியே இருந்தது. நங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொய்யச் சொல்லி என்ற கைக்குக் கெட்ட பேரு வெச்சுப்போட்டானே அந்த மனுசன்! இனி நான் சட்டி வெக்க மாட்டேன் அம்மணி" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் சிப்ஸ் இல்லை.

ஆனால் கெமிஸ்ட்ரி படித்தது வீண் போகுமா? கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அடைத்தது மேட்டுப்பாளையத்துக் காற்று. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருப்பது விரியும். ஊட்டிக் குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கும்தான், ஆனால் உயரம் அதைவிட அதிகமாக ஊதிவிடும். கீழே வந்தால் பழையபடி அடங்கிவிடும்.

இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார். "உன்ற புஸ்தகத்துக் காத்து வேற, நம்ம கவர்ல இருக்கற காத்து வேற அம்மணி."

அவர் சொன்னதிலும் பாதி சரி. புத்தகத்தில் வரும் நல்லியல்பு வாயுவின் துகள்கள் இடத்தை அடைக்காது, ஒன்றையொன்று இழுக்காது. அப்படி ஒரு குடும்பம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நிஜ வாயு நெருக்கி அடைத்தால் தன் குணத்தைக் காட்டும். சமையல் காஸ் சிலிண்டருக்குள் திரவமாகவே ஆகிவிடுகிறது. ஆனால் நம் பாக்கெட்டில் என்ன நெருக்கடி? அங்கே நிஜக் காற்றும் ஏறக்குறையப் புத்தகத்தில் சொன்னபடிதான் நடக்கும்.

மறுநாள் நானே பெட்டியோடு ஊட்டி பஸ் ஏறினேன். மடியில் ஒரு பாக்கெட். குன்னூர் வருவதற்குள் அது தலையணை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தார். "வெடிச்சுப்போடுமாட்ட இருக்குதுங்க, அந்தப் பக்கம் வெச்சுக்கங்க."

கடைக்காரர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. பாக்கெட்டை அவர் முன்னாலேயே உடைத்துத் தின்று காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடையில் ஒரு காலி தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதை இறுக மூடி, மூடிக்கு மேல் அவரையே காகிதம் ஒட்டச் சொன்னேன்.

"சரக்கெடுக்க மேட்டுப்பாளையம் வருவீங்கல்லங்க, இதைத் தொறக்காமக் கொண்டாங்க. நசுங்காம வந்துச்சுன்னா இந்தக் கடைப் பக்கமே வர மாட்டேனுங்க."

அந்த வாரமே வந்தார். எங்கள் வாசலில் நின்றபோது பாட்டில் இரண்டு பக்கமும் ஒட்டிப்போயிருந்தது, காகிதம் கிழியவில்லை. நங்கையா எழுந்து வந்து அதை வாங்கி மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது, பாட்டில் நிமிர்ந்தது.

"உங்கூர்க் காத்து எங்கூருக்கு வந்தா இத்தனை இளைச்சுப் போகுதுங்களா?" என்று கேட்டார் நங்கையா.

"தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி. "இந்த சீசனுக்கு உங்க சரக்குத்தானுங்க. காத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கங்க."

நங்கையா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு ஈடு போட்டெடுத்து, சூடாகத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தார்.

"தின்னுப்போட்டுச் சொல்லுங்க, பழைய எண்ணெயான்னு."

அவர் தின்றார். நங்கையா அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஈட்டுக்குக் காய் சீவிக்கொண்டிருந்தார்.