ரிப்பன் வெட்டாத மலசலகூடம்

ஸ்கான் மெசினை மூன்று மாதம் படித்துவிட்டு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் என்னை எல்லாரும் டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் கிழமை மறுக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை நினைக்க மறந்துபோனேன். மூன்றாம் கிழமை ஒருவர் வெறும் "தம்பி" என்று கூப்பிட்டபோது நான் திரும்பியே பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டு ஒன்று தந்திருந்தார்கள். என்னைவிடப் பெரிய ஒருவருக்காகத் தைத்தது. கையை மூன்று மடிப்பு மடித்தால்தான் விரல் வெளியே வரும். அந்த விரலால்தான் மன்னார்க் கரையோரத்துக் கர்ப்பிணிகளின் வயிற்றில் பசை தடவிப் படம் பார்த்தேன்.

சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வீடுகளைவிட அறிவிப்புப் பலகைகள் முதலில் வந்து குடியேறிவிட்டன. இந்த வீட்டை இன்னார் கட்டித் தந்தார் என்று பலகை நிற்கும். பலகைக்குப் பின்னால் தறப்பாள் கொட்டில் கிடக்கும். எங்கள் சுகாதாரத் திட்டமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். எங்கள் அதிகாரி ஒரு வேலை நடந்ததா என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "படம் எடுத்தனீங்களோ" என்று கேட்பார். நோயாளியின் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பதாகையின் எழுத்துத் தெரிய வேண்டும். அவரைப் பார்த்து எனக்கு இளக்காரம்தான். ஆனால் படத்தில் நான் நன்றாக விழுந்திருக்கிறேனா என்று முதலில் எட்டிப் பார்ப்பவன் நான்தான்.

என் படிப்புக் கொப்பியில் ஒரு வசனத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தேன்: ஸ்கானுக்கு வருபவரின் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். எத்தனையாவது மாதத்தில், எவ்வளவு நிரம்ப வேண்டும் என்று ஆசிரியர் தொடர்ந்து சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் சிறுநீர் கழிக்க வெளியே போயிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விடத்தல்தீவுக்கு அங்கால் ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஒருநாள் கிளினிக் வைத்தோம். ஊரின் குடும்பநல மாது, எல்லாருக்கும் அவர் மிசி, முதல்நாளே வீடு வீடாகப் போய் நான் சொல்லிவிட்டபடி சொல்லியிருந்தார். காலையில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும், சலம், அதுதான் சிறுநீர், போகக்கூடாது. அந்த ஊர்க் கிணறு உப்பு. பவுசரில் வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து நாள் நாளாக மிச்சம் பிடிப்பவர்கள், எனக்காக அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எட்டு மணிக்கே வந்து நின்றார்கள். ஆறு பெண்கள்.

பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் புது மலசலகூடம் ஒன்று நின்றது. நீலக் கதவு. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பிரதம விருந்தினர் ஒன்பது மணிக்கு வந்து ரிப்பனை வெட்டுவார், அதன் பிறகு கிளினிக் தொடங்கும் என்பது எங்கள் அதிகாரியின் ஏற்பாடு. பூட்டின் திறப்பு அதிகாரியின் காற்சட்டைப் பைக்குள். வீட்டுக் கக்கூசுகளுக்கு அந்த ஊரில் கிடங்கு மட்டும் வெட்டியிருந்தது. சுவரும் கூரையும் அடுத்த திட்டத்தில் வருமாம். பற்றைப் பக்கம் ஒதுங்கலாமென்றால் அங்கே மிதிவெடி அகற்றுகிறவர்கள் கட்டிய நாடா. அதுவும் சிவப்பு.

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. ஆறு பெண்களும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியோடு வந்த மாமியார் என்னிடம் வந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் கை.

"தம்பி, இந்தப் பிள்ளையள் எவ்வளவு நேரம் இப்பிடி முட்டிக்கொண்டு நிக்கிறது?"

"பெரியவர் வந்துகொண்டிருக்கிறார் அம்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

"அவர் வீட்டில சலத்துக்குப் போட்டுத்தானே வெளிக்கிட்டிருப்பார்."

பெண்கள் சிரித்தார்கள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அன்ரி, சிரிப்புக் காட்டாதேங்கோ. இஞ்ச வெள்ளம் வந்திடும்" என்றாள் ஒருத்தி.

பன்னிரண்டுக்குக் கிட்ட இரண்டு வாகனம் புழுதியோடு வந்தது. விளக்கேற்றினார்கள். மாலை போட்டார்கள். பெரியவர் தாய்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு ரிப்பனை வெட்டி, கதவைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாரும் கைதட்டினோம். ஆள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அந்த வருடம் நான் பார்த்த திறப்புவிழாக்களில், திறந்த பொருள் உண்மையாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அவர் வெளியே வந்ததும் ஆறு பேரும் அந்த நீலக் கதவை நோக்கி நடந்தார்கள். கோட்டுக் கையை மடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றேன். ஸ்கான் முடியட்டும், பிறகு போகலாம் என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதிலே மரியாதை இல்லை. ஆனாலும் வந்து படுத்தார்கள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழ்ப்படிந்து பழகிய சனம்.

முதல் பெண்ணுக்கு நச்சுக்கொடி கீழே இருந்தது. கர்ப்பப்பையின் வாசலை மூடிக்கொண்டு கொடி கிடந்தால் பிள்ளை வெளியே வரமுடியாது. வாசல் அசையத் தொடங்கினால் இரத்தம் ஓடும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதைக் கொப்பியில் ஒழுங்காக எழுதியிருந்தேன். இரண்டாவது பெண்ணுக்கும் கீழே. மூன்றாவதுக்கும் கீழே. ஆறு பேருக்கும் கீழே. எனக்கு உடம்பு நடுங்கியது. பயத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன். பொய். பெருமையில். கிணற்று உப்பாக இருக்குமோ, சண்டைக்காலத்துப் புகையாக இருக்குமோ என்று யோசித்து, அந்த ஊரின் பெயரை வைத்து ஒரு புது வியாதிக்குப் பெயரும் சூட்டிவிட்டேன். ஆறு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பேர் அழுதார்கள்.

அழாதவள் அந்த மாமியாரின் மருமகள். எட்டாம் மாதம். அவளுடைய முதல் பிள்ளை முகாமில் பிறந்து ஒரு கிழமைகூட இருக்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால், இதை வயிற்றில் வைத்துக்கொண்டே ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்கு நடந்து வருவேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். திருநாளுக்கு இரண்டு கிழமைக்குக் கொஞ்சம் கூட இருந்தது.

"நடக்கக்கூடாது" என்றேன்.

"அப்ப நேர்த்தி?" என்று கேட்டாள்.

நான் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன்.

அடுத்தநாள் ஆறு படிவத்தையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் மகப்பேற்று டொக்டரம்மாவிடம் போனேன். பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப்போல் போனேன்.

"ஒரே ஊரில ஆறு பேருக்கோ, தம்பி?"

"ஓம் டொக்டர். ஏதோ சூழலால வாற பிரச்சினை எண்டு நினைக்கிறன்."

"சலம் போக விட்டிட்டோ பாத்தனீங்கள்?"

"இல்லை டொக்டர். நல்லா நிரம்பி இருந்தது."

"எவ்வளவு நேரமா?"

"காலமை தொடங்கி."

டொக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களுக்குச் சலம் வந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"போவன், டொக்டர்."

"அவையையும் போக விடுங்கோ. சலப்பை அப்பிடி ஊதி நிண்டா கர்ப்பப்பையின்ர அடியை அமத்தும். மேல கிடக்கிற கொடியும் வாசலில கிடக்கிற மாதிரித் தெரியும். எல்லாரையும் போட்டு வரச்சொல்லித் திரும்பப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஆருக்காவது கீழ இருந்தா, அண்டைக்கே இஞ்ச கொண்டு வாங்கோ. மற்றவையிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

அந்தக் கிழமையே போனேன். இந்த முறை பெரியவர் இல்லை, பதாகை இல்லை. ஆறு பேரும் நீலக் கதவுக்குள் போய்வந்தார்கள். ஐந்து பேருக்கும் கொடி மேலே ஏறி நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்கள். எனக்குச் "சல டொக்டர்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு முன்னமே மன்னார்ச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

கடைசியாக மருமகள் படுத்தாள். கொடி அசையவில்லை. போய்வரச் சொன்னேன். போய்வந்தாள். அசையவில்லை. திரும்பவும் போகச் சொன்னேன்.

"தம்பி, இவளிட்ட இனிச் சலம் இல்லை" என்றார் மாமியார். "வேணுமெண்டா கடலில போய் அள்ளிக்கொண்டு வாறன்."

மூன்றாம் தரமும் பார்த்தேன். கொடி வாசலை முழுதாக மூடிக்கொண்டு கிடந்தது.

"அம்மா, இவவுக்கு உண்மையா இருக்கு. இண்டைக்கே ஆஸ்பத்திரியில நிக்கவேணும்."

"போன முறையும் இதே முகத்தோடதான் சொன்னனீங்கள்."

"போன முறை பிழை."

"இந்த முறை பிழையில்லை எண்டு ஆர் சொன்னது? நீங்கள்தானே."

நியாயமான கேள்வி. ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பொய் சொன்னவன், ஆறாவது ஆளிடம் உண்மை சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அவர்கள் என்னை நம்பாமல் மடுவுக்கு நடந்தால் அந்தக் காட்டுப் பாதையில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கோட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியது. பெரியாஸ்பத்திரி டொக்டரம்மாவே சொன்னார் என்றேன். எடுபடவில்லை. கொப்பியைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தாலும் என் எழுத்தை வாசித்திருக்கமுடியாது.

கடைசியில் மாமியாரையே திரைக்குக் கிட்ட இழுத்து நிறுத்தினேன். அந்தக் குடும்பத்துக்குத் தொழில் களங்கண்டி. ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு வலை கட்டி, மீனை ஓர் அறைக்குள் விட்டுப் பிடிப்பது.

"இது வலையறை எண்டு வையுங்கோ. உள்ள நிக்கிறது பிள்ளை. இது வாசல். வாசலில தட்டையாச் சாம்பல் நிறமாக் கிடக்குதே, இதென்ன மாதிரி இருக்கு?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "திருக்கை மீன் மாதிரிக் கிடக்கு."

"உள்ள நிக்கிறது இந்த வாசலாலதான் வரவேணும்."

"திருக்கையைக் கிழிச்சுக்கொண்டு எல்லோ வரும்." சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "மற்ற அஞ்சு பேருக்கும் இது இருந்ததெண்டனீங்கள்."

"அது நிழல் அம்மா. நிழலைப் பாத்துத் திருக்கை எண்டு சொல்லிப்போட்டன். நிழல் எண்டா இவள் போய்வந்த உடன விலகியிருக்கவேணும். மூண்டு தரம் பாத்திட்டன், விலகேல்லை. பொய்யெண்டா இந்தக் கோட்டை உங்கட வாசலில கால்மிதியாப் போடுங்கோ. உண்மையெண்டாலும் போடலாம்."

அவர் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வயிற்றுப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, நேர்த்தி" என்றாள்.

"மாதா என்ன கந்தோரே வைச்சிருக்கிறா, நீதான் நேர வந்து கையெழுத்து வைக்கவேணும் எண்டதுக்கு? நான் நடக்கிறன். நீ போய் ஆஸ்பத்திரியில படு." பிறகு என்னைக் காட்டினார். "இவரும் நடப்பார்."

"நான் சைவம் அம்மா."

"மாதாவுக்குத் தெரியும். நடவுங்கோ."

அன்றைக்கே அவளை எங்கள் வாகனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாமியாரின் மகன் கடலுக்குப் போகாமல் விறாந்தையில் காவல் இருந்தான். நான் கந்தோருக்குப் போய், ஆறு அல்ல, ஒன்று என்று அறிக்கையைத் திருத்தச் சொன்னேன். எங்கள் அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆறு எண்டு மேல அனுப்பியாச்சு. ஆறாவே இருக்கட்டும், வடிவா இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதியது லீவுக் கடிதம்.

நடந்தோம். நாற்பது ஐம்பது பேர், பானை சட்டி, பாய், செபமாலை. நான் வெள்ளைக் கோட்டு இல்லாமல், புதுச் செருப்போடு. புதுச் செருப்புப் போட்டு மடுவுக்கு நடந்த மடையன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். முதல்நாளே குதிக்கால் கொப்பளித்தது. இரண்டாம்நாள் காலை, பாலை மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற பாதையில், எனக்குச் சலம் முட்டியது. பெண்கள் முன்னாலும் பின்னாலும். ஒதுங்கிப் போட்டு வாறன் என்றேன்.

"பொறுங்கோ தம்பி" என்றார் மாமியார், திரும்பிப் பாராமல். "பெரியவர் இன்னும் வரேல்லை."

பின்னால் ஐந்து பேரின் சிரிப்பு. நிழல்காரிகள் ஐந்து பேரும் எங்களை வழியனுப்ப வந்து, அப்படியே கொஞ்சத் தூரம் கூட வந்திருந்தார்கள் என்று சொன்னால் கதைக்கு நன்றாயிருக்கும். இல்லை. அவர்கள் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். சிரித்தது அவர்களுடைய மாமிமார்.

"அம்மா, உண்மையா ஏலாது."

"ரிப்பன் வெட்டோணும் எல்லோ."

இன்னும் கொஞ்சத் தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் அவருடைய கைபேசி அடித்தது. மகன். அவர் நின்று கேட்டார். "எப்ப" என்றார். "எவ்வளவு" என்றார். பிறகு கைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டேயிருந்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு முட்டியிருந்தது மறந்துபோயிற்று.

கைபேசியை இடுப்பில் செருகிவிட்டு அவர் பாதையோரம் அப்படியே குந்தினார். விடியக் காலமை இரத்தம் போகத் தொடங்கியதாம். கட்டிலில் கிடந்தபடியால் உடனே உள்ளே கொண்டுபோய் வெட்டி எடுத்தார்களாம். பெண்பிள்ளை. சின்னன், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அழுகிற சத்தம் கேட்கிறதாம். தாய்க்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், கண் முழித்துத் தண்ணீர் கேட்டாளாம்.

சனம் எங்களைச் சுற்றி நின்றது. யாரோ செபம் தொடங்கினார்கள். மாமியார் சேரவில்லை. பாதையின் இரண்டு பக்கத்துக் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த நேரத்துக்கு அவளும் இங்கேதான் நடந்துகொண்டிருந்திருப்பாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"போட்டு வாங்கோ தம்பி" என்றார். "ரிப்பன் வெட்டியாச்சு."